கடல் திருடவில்லை

சில வருஷங்களுக்கு முன் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னைப் பட்டணம். கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு துபாஷியின் மகன். அவன் காதலிக்கக் கூடாத ஒரு பெண். ஓர் அத்தியாயத்தில் இருவரையும் கோட்டையின் கடல் வாசலுக்கு எதிரே, பரந்து கிடந்த வெண்மணலில் நெடுநேரம் உலாவ விட்டேன். நிலவு, காற்று, மணலில் பதிந்த காலடி என்று தொடர்கதைக்கு வேண்டிய சாமான்கள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வாசகர்கள் ரசித்தார்கள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர். ஒரு கார்டு எழுதிப் போட்டார். "தங்கள் கதாநாயகனும் கதாநாயகியும் அரை மணி நேரம் உலாவிய இடத்தில் அந்தக் காலத்தில் கடல் இருந்தது. இருவருக்கும் நீந்தத் தெரியும் என்று முந்தைய அத்தியாயம் எதிலாவது எழுதியிருக்கிறீர்களா?"

முதலில் கோபம் வந்தது. பிறகு பழைய படங்களையும் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்ததில் வெட்கம் வந்தது. கார்டு எழுதியவர் சொன்னது நிஜம். கோட்டை மதிலுக்கு வெகு அருகில் அலை புரண்ட காலம் அது. கப்பல்கள் எட்டத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் மனிதர்களையும் மூட்டைகளையும் இறக்கிக் கொண்டு வரும். அன்றைக்குப் பட்டணத்துக்குத் துறைமுகம் கிடையாது. இன்று நாம் மெரினா என்று கொண்டாடுகிற அந்த அகன்ற மணல்வெளியும் கிடையாது. ஒன்று பிறந்ததால்தான் மற்றது பிறந்தது.

1875-ம் வருஷம் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கற்கரங்கள் நீண்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சின்னாபின்னமாக்கிற்று. மறுபடியும் கட்டினார்கள். கட்டக் கட்ட, தெற்குக் கரத்தை ஒட்டி மணல் சேர்ந்துகொண்டே வந்தது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் என்ற துரை, கரையோரமாக உலாவுவதற்கு ஒரு சாலை போட்டு, சிஸிலித் தீவை நினைத்துக்கொண்டு அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் மணல் நிற்கவில்லை. இன்று அதன் சராசரி அகலம் சுமார் 300 மீட்டர் என்கிறார்கள்.

இந்த மணல் வானத்திலிருந்து கொட்டவில்லை. வேறு ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் இது. அதைப் பற்றித்தான் இன்று சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

தமிழர்களாகிய நமக்கு ஒரு வாக்கியம் நாக்கிலேயே ஊறிப் போயிருக்கிறது. 'கடல் கொண்டது' என்பது அது. பூம்புகாரைக் கடல் கொண்டது. கபாடபுரத்தைக் கடல் கொண்டது. இல்லாத ஊரையும் கடல் கொண்டது. ஆதியிலிருந்து எழுதி எழுதி நம் கை பழகிவிட்டது. ஆகவே ஒரு மீனவக் குப்பத்தில் பத்து வீடு இடிந்து விழுந்தாலும் பத்திரிகைகள் 'கடல் சீற்றம்' என்று தலைப்புப் போடுகின்றன. மேடையில் ஏறும் தலைவர் 'கடல் அன்னையின் கோபம்' என்கிறார். நம்மைப் போன்ற கதாசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பொங்கும் கடலுக்கும் குமுறும் நெஞ்சுக்கும் உவமை கட்டிக் காசு வாங்கிக்கொள்கிறோம். எல்லோருமாகச் சேர்ந்து கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, உண்மையான குற்றவாளியோடு உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறோம்.

கடல் சாது என்று நான் சாதிக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது, அது புயல். 2004 டிசம்பர் 26-ம் தேதி காலை நடந்ததை யாரும் மறக்க முடியாது. அவை கடலின் செயல்கள். ஆனால் வருஷம் தவறாமல், அமைதியான வெயில் நாளிலும், ஒரு ஊரின் கரை மட்டும் தேய்ந்துகொண்டே வந்து, பக்கத்து ஊரின் கரை வளர்ந்துகொண்டே போனால் அதற்குப் பெயர் சீற்றம் அல்ல. கணக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகத்தோடு மல்லுக் கட்டிவிட்டு வெளியே வந்தவன் நான், எனக்கே புரிகிறது. கரையில் நின்று அலையைக் கவனித்துப் பாருங்கள். அது நேராக வந்து மோதுவதில்லை. சற்றுச் சாய்ந்து வருகிறது. சாய்ந்து ஏறும் நீர் மணலையும் சாய்வாகவே மேலே தள்ளுகிறது. திரும்பும்போது மட்டும் சரிவில் நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் துகள் இப்படி ஒரு பக்கமாக ஓரடி நகர்ந்துவிடுகிறது. இது போதாதென்று, சாய்ந்து உடையும் அலைகள் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. அலை கலக்கி எழுப்பிய மணலை அந்த ஓட்டம் அள்ளிக்கொண்டு போகிறது. கரைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றில் ஓடுவது மணல்.

நம் சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து வருகின்றன. மணல் வடக்கே போகிறது. ஐப்பசியில் வாடை திரும்பியதும் வடகிழக்கு அலைகள் வந்து கொஞ்சத்தைத் தெற்கே திருப்பி அனுப்புகின்றன. வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குப் பக்கம்தான். அது வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். இந்த ஆற்றின் குறுக்கே ஒரு கல் சுவரை நீட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் தேங்கும். வடக்கே, வழக்கம்போல் அலை வந்து இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப மணல் வராது. சம்பளம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் நடந்தால் எத்தனை நாள் தாங்கும்?

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கரை இப்படித்தான் தேய்ந்தது. கார்டு வந்த அந்த வருஷம், ஒரு நாள் காலையில் அங்கே போனேன். சாலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் மலைபோல் குவிந்து கிடந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் அரை வீடு ஒன்று நின்றது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருந்தது. அதன் நிழலில் ஒரு கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா காலத்துல இங்கேருந்து ஓடினா, தண்ணியத் தொடறதுக்குள்ள மூச்சு வாங்கும் சார்" என்றார். "இப்ப படுத்துக்கினே தொடலாம்."

"அவ்வளவு மண்ணையும் கடல் கொண்டுபோய்விட்டதா, பெரியவரே?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலு எங்க சார் கொண்டுபோச்சு? மண்ணு அந்தாண்ட மாட்டிக்கினுச்சு. ஹார்பருக்குத் தெக்கால. சாயங்காலம் நீங்கள்லாம் சுண்டல் துன்னப் போறீங்களே, அங்க."

வாசக நண்பர்களே, அன்று முதல் மெரினாவில் காற்று வாங்கும்போதெல்லாம் காலடி மணல் எனக்கு உறுத்துகிறது. நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து முறுக்குக் கடிக்கும் அந்த இடம் வடசென்னை மீனவன் வீட்டு முற்றம். பட்டா மட்டும் நம் பக்கம் இருக்கிறது.

'பாவம், அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தெரியும். துறைமுகத் திட்டம் தீட்டிய நாளிலேயே மணல் நகர்வைப் பற்றி வாதப் பிரதிவாதம் நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கே இருந்த வாசலை மணல் தொல்லை தாங்காமல் அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தவர் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னைக் கரையில் மணல் பிரயாணம் செய்வதைப் பற்றி அவர் முதல் உலகப் போருக்கு முன்பே லண்டன் என்ஜினீயர்கள் சங்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆக, நூறு வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கிற விஷயம் இது. அறியாமல் செய்தவனை மன்னிக்கலாம். படித்து, பட்டம் வாங்கி, அலமாரியில் அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதையே செய்கிறவனை என்ன சொல்வது?

மறுபடியும் செய்தார்கள். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் ஒரு துறைமுகத்துக்காக இரண்டு கற்கரங்களை நீட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. கல் வேலை நடந்தது. மணல் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. கல் வேலைக்குத் திறப்பு விழா உண்டு, மணல் வேலைக்கு மாலை போட யார் வருவார்கள்? அந்த அழகான ஊரின் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல்தான் மிஞ்சிற்று. ஊரைக் காப்பாற்றக் கல் சுவரை வடக்கே நீட்ட நீட்ட, அரிப்பும் வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களின் வாசலுக்கு வந்தது. பல வருஷம் கழித்து, 2018-ஐ ஒட்டி, ஆராய்ச்சி நிறுவனங்கள் கணக்குப் போட்டு, நீருக்குள் மூழ்கிய ஒரு செயற்கைத் திட்டை அங்கே அமைத்தார்கள். ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. குழந்தைகள் மறுபடியும் மணலில் விளையாடினார்கள். அளந்து செய்தால் கடல் ஒத்துழைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஒரு மூலையில் சேர்ந்த மணல், மொத்தக் கணக்கை நேர் செய்துவிட்டது என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம்.

இனி, 'தூண்டில் வளைவு' என்ற மந்திரத்துக்கு வருகிறேன். கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டி, நுனியைத் தூண்டில் முள்போல் வளைத்துவிடுவதற்கு நம் ஊரில் அழகாக வைத்த பெயர் இது. அரிப்பு வந்த ஊர் மறியல் செய்கிறது, தலைவர் வருகிறார், 'தூண்டில் வளைவு அமைத்துத் தரப்படும்' என்கிறார், கைதட்டல். வளைவு வருகிறது. அதன் தெற்கே மணலும் சேர்கிறது. அடுத்த வருஷம் வடக்கே உள்ள ஊர் மறியல் செய்கிறது. அதற்கும் ஒரு வளைவு. பிறகு அதற்கு அடுத்த ஊர். இப்படி ஒவ்வோர் ஊரும் தன் துயரத்தை அடுத்த ஊருக்குத் தபாலில் அனுப்புகிறது. லாபம் அடைவது கல் குவாரியும் கண்டிராக்டரும்தான்.

கேட்கிற ஊரை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றிரவு வீடு விழப் போகிறவனிடம் போய், 'ஐயா, பொறுங்கள், கரையோர நீரோட்டத்தைப் பத்து வருஷம் அளந்துவிட்டு வருகிறோம்' என்று சொல்கிறவன் மனிதனே அல்ல. அவன் கல் கேட்பான், கேட்கட்டும். என் வழக்கு, கேட்டதைக் கொடுத்துக் கை கழுவிவிட்டு, அடுத்த ஊருக்கு என்ன நேரும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிற படித்தவர்கள் மேல்தான். திட்டம் தீட்டாமல் ஊருக்கு ஊர் வளைவு கட்டாதே என்று 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டி வந்தது. நீதி ஸ்தலம் சொல்லித்தானா ஒரு என்ஜினீயருக்கு வடக்குத் தெற்குத் தெரிய வேண்டும்?

அளப்பது என்றால் என்ன என்பதிலும் நமக்குத் தெளிவு இல்லை. ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, ஒரு கோலை நட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது அளப்பது அல்ல. கரை ஒரு நாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. புயல் காலத்து அலை கரை மணலை இழுத்துக்கொண்டு போய், சற்று எட்டத்தில் நீருக்கடியில் மேடாகக் குவித்து வைக்கிறது. அமைதியான மாதங்களில் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. மார்கழியில் அளந்தவன் 'கரை போய்விட்டது' என்று அலறுவான். சித்திரையில் அளந்தவன் 'ஒன்றும் ஆகவில்லை' என்று கொட்டாவி விடுவான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் உண்மையும் தெரியாது. மணல் மேட்டில் இருப்பது கடன் கொடுத்த பணம், திரும்பி வரும். கல்லுக்குத் தெற்கே சிக்கிக்கொண்டது பறிபோன பணம். இரண்டையும் பிரித்துச் சொல்ல, ஒரே இடத்தை மாதா மாதம், வருஷக்கணக்கில் அளந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் டக் என்ற சிற்றூர் இருக்கிறது. 1977-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காகக் கடலுக்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு பாலம் கட்டினார்கள். கப்பல் வருவதற்கு அல்ல. அலையையும் மணலையும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. பத்து மீட்டருக்கு மேல் உயரமாக, மூன்று கால் பிராணி மாதிரி ஒரு வண்டியைச் செய்து, அலைக்குள்ளேயே அதை ஓட்டிக்கொண்டு போய், நீருக்கடியில் தரை எப்படிக் கிடக்கிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். புயல் வரும்போது ஊரார் உள்ளே ஓடினால், இவர்கள் கருவியோடு உட்கார்ந்திருப்பார்கள். மணல் மேடு புயலில் கடல் பக்கம் நகர்வதையும், பிறகு கரைப் பக்கம் திரும்புவதையும் அப்படித்தான் எண்ணிக்கையாகப் பிடித்தார்கள். இதில் கதாநாயகத்தனம் ஏதும் இல்லை. ஒரே காரியத்தைச் சலிக்காமல் செய்த கணக்குப் பிள்ளைத்தனம்தான் இருக்கிறது. நம்மிடம் பற்றாக்குறையாக இருப்பதும் அதுதான்.

நம் நாட்டுக்கு இந்த வித்தை புதிது என்றும் சொல்லிவிட முடியாது. லஃபாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1952-ல் வால்டேருக்கு வந்து ஆந்திரா சர்வகலாசாலையில் கடல் ஆராய்ச்சியைக் கற்றுக்கொடுத்தார். உப்பாடா என்ற கோதாவரிப் பக்கத்துக் கடலோர ஊர் அரிக்கப்படுவதைப் பற்றி அவர்கள் 1950-களிலேயே எழுதிவிட்டார்கள். உப்பாடா இன்னும் அரிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கட்டுரை பத்திரமாக இருக்கிறது. ஊர்தான் பத்திரமாக இல்லை.

ஒன்றை நினைத்தால் மனம் கசக்கிறது. கரையைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்ற அவசரம் பெரிய சர்க்கார்களுக்கு எப்போது வந்தது தெரியுமா? போரில். 1943 நவம்பரில் தாராவாத் தீவில் அமெரிக்கப் படகுகள் நீர் போதாமல் பவளப் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் நீரில் நடந்து போய்க் குண்டுக்கு இரையானார்கள். 1944-ல் நார்மண்டியில் இறங்குவதற்கு முன், அந்த மணல் டாங்கியைத் தாங்குமா என்று பெர்னல் போன்ற விஞ்ஞானிகளைக் கொண்டு துருவித் துருவிப் பார்த்தார்கள். ஒரு கரையில் ஏறி மனிதனைக் கொல்ல வேண்டுமென்றால் மணலின் ஜாதகம் வேண்டியிருக்கிறது. அதே கரையில் மனிதன் பிழைத்துக் கிடப்பதற்கு அது வேண்டாம்!

பிழைப்பு என்றதும் இன்னொரு விஷயம். மெரினாவில் குளிக்கப் போன பையன்கள் மாண்டார்கள் என்று வருஷா வருஷம் படிக்கிறோம். 'கடல் உள்ளே இழுத்துவிட்டது' என்கிறோம். மறுபடியும் கடல்மேல் பழி. அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடுகிறது. மணல் மேட்டில் ஓர் இடைவெளியோ, ஒரு கல் சுவரின் ஓரமோ கிடைத்தால் அங்கே குறுகிய ஓட்டமாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. இது ஆளை அடியில் அமுக்குவதில்லை. வெளியே கொண்டுபோகிறது என்று ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி 1936-லேயே விளக்கி எழுதினார். சிக்கியவன் பதறி, கரையைப் பார்த்தே நீந்தி, களைத்து மூழ்குகிறான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பைத் தாண்டிய பிறகு கரை திரும்பினால் பிழைக்க வழி உண்டு. அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலை உடையாமல் சாதுவாகத் தெரிந்தால் அங்கேதான் ஆபத்து. இந்த நான்கு வரியை எந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் போட்டிருக்கிறோம்? 'குளிக்கக் கூடாது' என்று பலகை நட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்தது.

'இவ்வளவு பேசுகிறாயே, துறைமுகமே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும். அரிசியும் இரும்பும் என் வீட்டுக்கும் கப்பலில்தான் வருகின்றன. நான் கேட்பது மூன்றே மூன்று. முதலாவது, கடலுக்குள் கல்லை நீட்டுகிற யாராக இருந்தாலும், தெற்கில் தடுத்த மணலை வடக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடட்டும். ஆஸ்திரேலியாவில் ட்வீட் நதி முகத்தில் 2001 முதல் நிரந்தரமாக மணலை இறைத்து மறுபக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இது நடக்காத காரியம் அல்ல. இரண்டாவது, நம் கரையை மாதா மாதம் அளந்து, அளந்ததை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் தமிழில் எழுதி வைக்கட்டும். இங்கிலீஷ் அறிக்கையாக அலமாரியில் உறங்க வேண்டாம். மூன்றாவது, அளக்கப் போகிறவர்கள் அந்தக் கிழவரைப் போன்றவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போகட்டும். நீரோட்டம் திரும்புவதை வலையின் இழுப்பிலேயே தெரிந்துகொள்கிறவர்கள் அவர்கள். தென்கோடி மீனவர்கள் நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்று சொந்தமாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அகராதியைப் பார்த்துப் 'பெருங்கடல் விசையியல்' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிற நமக்கு அந்தச் சொல்கூடத் தெரியாது.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். காதலர்கள் இப்போது மணலில் நடப்பதில்லை. மதில் ஓரமாக நின்று, எதிரே புரளும் அலைகளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அதற்கு எனக்கு ஓர் இரவும் ஒரு புட்டி மசியும் போதுமாயிருந்தது. புத்தகத்தின் பிரதி ஒன்றைக் கார்டு எழுதிய என்ஜினீயருக்கு அனுப்பினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு வடக்கே போனேன். கிழவரைக் காணவில்லை. மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆணி அடித்த நீலச் சுவர் இருந்த இடத்தில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து, கல் கொட்டிக்கொண்டிருந்தது.